குரல் கொள்முதல்

ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் 'கொட்டேஷன்'. வார்டில் ஒரு பல்பு போனால்கூட மூன்று கடைகளிலிருந்து எழுத்தில் விலைப்புள்ளி வர வேண்டும், மூன்றையும் ஒப்பிட்டுப் பட்டியல் போட வேண்டும், பட்டியலில் மூன்று கையெழுத்து விழ வேண்டும். அதன் பிறகுதான் புதுப் பல்பு. "கொட்டேஷன்கிட்ட போயிடுச்சா? அப்ப பேஷன்ட் குணமாகி வீட்டுக்குப் போனப்புறம் லைட் எரியும்" என்று நர்ஸுகள் பேசிக்கொள்வார்கள். அவர் காதிலும் விழும். அதைக் கேலி என்று அவர் எடுத்துக்கொண்டதே இல்லை. தன் காலத்தில் தணிக்கைக்காரர்கள் ஒரு குறிப்புகூட எழுத முடியாமல் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள் என்பதை ஓய்வுபெற்ற நாளன்று மேடையிலேயே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவழியாகப் போகிறாரே என்ற சந்தோஷத்தில் சிலர் கூடுதலாகவே தட்டினார்கள்.

வீட்டிலும் அதே ராஜ்யம்தான். ஒருமுறை குளியலறைக் குழாய் ஒழுகியது. புதுக் குழாய் வர நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் சொட்டுகிற சத்தம் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க, மனைவி வாளிக்குள் ஒரு பழைய துணியைப் போட்டு வைத்தாள். வந்த குழாய் நல்ல குழாய்தான். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதைச் சுட்டிக்காட்டி அவர் ஆயிரம் தடவை பேசிவிட்டார். நாற்பது நாள் துணி பிழிந்தவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

கஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். செலவுக்கு அஞ்சுகிற ஆள் இல்லை அவர். தப்பு செய்ய அஞ்சுகிற ஆள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு டாக்டர் அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, ஸ்ட்ரெச்சர் இல்லாமல் நோயாளிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று கத்தினார். இவருக்கு இளகிய மனசு. அன்றைக்கே ஒரே கடையில், ஒரே விலைப்புள்ளியில் வாங்கிக் கொடுத்துவிட்டார். யாரோ மொட்டைக் கடிதாசு போட்டார்கள். பதினொரு மாதம் விசாரணை. கேன்டீனில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்திய டாக்டர்கூட வராந்தாவில் அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் வந்த காகிதத்தில் 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று இருந்தது. குற்றமே செய்யவில்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் எதையும் ஒரே கடையில் வாங்கியதில்லை.

மனைவி ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. இருபத்தாறு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டையே ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள். அவள் வகுப்புப் பிள்ளைகளிடம் எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் பதிலைச் சொல்ல மாட்டார்கள், பாடுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பறை தள்ளியும் அவள் குரல் கேட்கும், ஆனால் யாருக்கும் அது தொந்தரவாக இருந்ததில்லை. மேலே போகப் போக மெலிந்து, ஆனால் உடையாமல் நிற்கிற குரல். 'என் வீட்டுக்காரி நல்லா பாடுவா' என்று கொட்டேஷனும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளுக்கு ஐம்பத்தாறாம் வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் கொட்டேஷனின் பழைய ஆஸ்பத்திரி சர்ஜன். படம் வரைந்து காட்டினார்.

"குரலுக்குப் போற நரம்பு இந்தப் பக்கமா, ஒட்டினாப்பலயே போகுது. நாங்க பார்த்துத்தான் பண்ணுவோம். இருந்தாலும் சில பேருக்குக் குரல் கம்மும். சில பேருக்குப் பேச்சு சரியா இருக்கும், ஆனா மேல போகாது. நீங்க பாடுவீங்களா?"

"சும்மா வீட்லதான்" என்றாள் அவள்.

"நல்லா பாடுவா டாக்டர்" என்றார் இவர்.

சர்ஜன் பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு தேதி குறித்தார். அன்றிலிருந்து பத்து வாரம்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான்கு நிறுத்தம் போயின. ஐந்தாவதில் சொன்னாள்.

"என்னங்க, அதுக்குள்ள ஒரு நாலு பாட்டு பாடி வெச்சுக்கணும். வெளிய போயில்லாம் பாட எனக்கு வராது. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்லயே பாடறேன். ஒரு மைக் மட்டும் வாங்கிக் கொடுங்க."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இதை வாங்கிக் கொடுங்கள் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். "வாங்கிடலாம். நல்லதா, உருப்படியா வாங்கிடலாம்" என்றார். பத்து வாரத்தில் ஒரு மைக். வேறு யாராக இருந்தாலும் வழியில் இறங்கி வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் வீட்டுக்குப் போனதும் ஒரு கோப்பைத் திறந்தார். அட்டையில் அழகான கையெழுத்தில் 'குரல் பதிவு – உபகரணங்கள்' என்று எழுதினார்.

முதல் இரண்டு வாரம் படிப்பு. கம்ப்யூட்டரில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். மைக்கில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரிந்துகொண்டார். கண்டென்சர் என்கிற ஜாதி மூச்சு விடுவதைக்கூடப் பிடித்துவிடும், கூடவே பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தத்தையும் பிடித்துவிடும். டைனமிக் என்கிற ஜாதிக்கு வாயைக் கிட்டே கொண்டுபோய்ப் பாட வேண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வம்பு அதற்கு வேண்டாம். இந்த இரண்டையும் நேராகக் கம்ப்யூட்டரில் சொருக முடியாது. நடுவில் இன்டர்ஃபேஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அப்புறம் ஒயர், ஸ்டாண்ட், காதை முழுசாக மூடுகிற ஹெட்போன், 'ப' என்று சொல்லும்போது காற்று மோதாமல் இருக்க மைக்குக்கு முன்னால் ஒரு வலை. இத்தனையையும் நோட்டில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். முப்பத்தொரு வருஷத்தில் டாக்டர்கள்கூட அவர் சொல்வதை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

"சரிங்க. எப்போ வாங்கறது?" என்றாள்.

"அதுக்குத்தானே இத்தனையும்" என்றார்.

மூன்றாவது வாரம் இருவருமாக ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு காலத்தில் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். கேட்ட முதல் நிமிஷத்திலேயே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு சின்ன மைக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அம்மா வீட்ல பாடப்போறாங்க, அவ்வளவுதானே சார். இது யூ.எஸ்.பி. மைக். பெட்டி, கிட்டி எதுவும் வேண்டாம், நேரா கம்ப்யூட்டர்ல சொருகுங்க. ஹெட்போன் இதுலயே மாட்டிக்கலாம். ஜன்னல சாத்திட்டு, பின்னாடி ஒரு போர்வையத் தொங்கவிட்டு, ஒரு சாண் தள்ளி நின்னு பாடச் சொல்லுங்க. இன்னைக்கே பாடலாம்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஒரு வரி பாடிப் பாருங்கம்மா. உங்க குரலுக்கு ஒத்து வருதான்னு தெரிஞ்சுடும்" என்றார்.

அவள் முன்னால் வந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மூச்சை இழுத்தாள்.

"இரு இரு" என்றார் கொட்டேஷன். "முதல்ல இதோட விவரக் குறிப்பப் பாத்துடறேன். ஏங்க, இதுக்கு எழுத்துல ஒரு கொட்டேஷன் கிடைக்குமா?"

அவள் இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டாள். கடைக்காரர் இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு தாளை எடுத்து எதையோ எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்த யூ.எஸ்.பி. மைக் முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டது. பட்டியலில் அதற்கு எதிரே எழுதியிருந்த காரணம்: பிற்கால விரிவாக்கத்துக்கு இடமில்லை. கழுத்தில் கத்தி வைக்க நாள் குறித்தாகிவிட்ட பெண்ணுக்கு என்ன பிற்காலம், என்ன விரிவாக்கம் என்று அந்தப் பட்டியலைப் பிடித்து உலுக்கிக் கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் அடுப்படியில் இருந்தாள்.

பிறகு அறை. எந்த அறையில் பாடுவது என்பதையும் நிர்ணயம் செய்ய வேண்டுமாம். போனில் சத்தத்தை அளக்கிற ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் மணிக்கு ஒருதரம் அளந்தார். ஹாலில் தெருச் சத்தம். படுக்கையறையில் மேல்வீட்டு நாற்காலி இழுபடும் சத்தம். அவள் மிக்ஸியைப் போட்டால் "இரு, அளந்துட்டிருக்கேன்" என்பார். துணி துவைக்கிற மெஷினைப் போட்டால் அதே "இரு". ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் ஏதோ முணுமுணுத்தாள், பாட்டு மாதிரி. அதற்கும் வாசலில் இருந்து "இரு" வந்தது. அவள் குரலைப் பதிவு செய்வதற்காக அவள் குரலையே நிறுத்தச் சொன்ன மகானுபாவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அவருக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். கடைசியில் பழைய சாமான் போட்டு வைக்கிற அறை என்று முடிவானதும், அறுபது வயதில், ஒற்றை ஆளாக அதைக் காலிசெய்தார். தூசியில் இரண்டு நாள் தும்மினார். இரும்பு பீரோவை நகர்த்தினார். சுவரில் எதிரொலி வராமல் இருக்க மெத்தையைத் தூக்கி நிறுத்தினார், கம்பளங்களைத் தொங்கவிட்டார். அவள் நின்று பாட வேண்டிய இடத்தில் தரையில் சாக்கட்டியால் இரண்டு பாதம் வரைந்து வைத்தார். நிற்கிற இடம் மாறினால் சத்தமும் மாறுமாம். அவள் செருப்பு அளவைப் பார்த்து வரைந்திருந்தார்.

ஆறாவது வாரத்தில் அவள் கேட்டாள். "இப்போதைக்கு போன்லயே பாடி வெச்சுக்கறேனே."

"போன்ல எடுத்தா கொசு பாடின மாதிரி இருக்கும். நாளைக்கு வருத்தப்படுவ. ஒரு தடவ பண்றத உருப்படியா பண்ணணும்மா."

"நாள் போகுதுங்க."

"நாலு வாரம் இருக்கு. எதுக்குப் பதட்டம்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்காததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஏழாவது வாரம் பட்டியல் முடிந்தது. சாமானுக்கு மூன்று விலைப்புள்ளி, நூற்றுக்கு இத்தனை மதிப்பெண், அடியில் கூட்டுத்தொகை. இங்கேதான் அவர் தன் பழைய தொழில் புத்தியைக் காட்டினார். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் அது ஒற்றைக் கடை விவகாரம் ஆகிவிடும். யார் கேட்கப் போகிறார்கள், எந்த விசாரணை வரப் போகிறது என்பதெல்லாம் வேறு விஷயம். பழக்கம். எனவே மைக் ஒரு கடையில், பெட்டி இன்னொரு கடையில், ஒயர் மூன்றாவது கடையில், ஹெட்போன் நான்காவது கடையில். ஒவ்வொரு வரிசையிலும் யார் முதல் இடமோ அவரிடம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான தேர்வுதான். ஆஸ்பத்திரியில் பெட்ஷீட்டை ஒருவரிடமும் தலையணை உறையை இன்னொருவரிடமும் வாங்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. மைக்கும் பெட்டியும் பெட்ஷீட்டும் தலையணை உறையும் அல்ல.

ஒன்பதாவது வாரக் கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தன. அவர் குளித்துவிட்டு வந்து பார்சல்களைப் பிரித்தார். அவள் சாக்கட்டிப் பாதங்களின்மேல் போய் நின்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "ம், பாடு" என்றார்.

பாடினாள். ஒரு வரிதான். கம்ப்யூட்டர் திரையில் கோடு நேர்கோடாகவே கிடந்தது. ஒரு சின்ன மேடுகூட எழும்பவில்லை.

"நிறுத்து. ஒண்ணும் வரல."

சாயங்காலம் வரை குடைந்தார். விஷயம் இதுதான்: அவர் வாங்கிய மைக்குக்குத் தனியாக மின்சாரம் வேண்டும், அதைப் பெட்டிதான் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிய பெட்டியோ கீபோர்டு மாதிரி வாத்தியங்களை இணைக்கச் செய்த பெட்டி. அது மின்சாரம் கொடுக்காது. மைக் பட்டியலில் மைக்குக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பெட்டிப் பட்டியலில் பெட்டிக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசுமா என்பதற்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

பெட்டியைத் திருப்பிக்கொடுக்கப் போனார். பிரித்த பெட்டியை வாங்க மாட்டோம் என்றார்கள். கடிதம் எழுதினார். கடிதத்துக்குப் பதில் வந்தது, பதிலுக்கு மறுபடியும் கடிதம் எழுதினார். ஐந்து நாள் அதில் போனது. ஆறாம் நாள் வேறு பெட்டி வந்தது, மின்சாரம் கொடுக்கிற பெட்டி. மாட்டினார். மறுபடியும் திரையில் கோடு. இந்தத் தடவை ஒயர். ஒரு முனை மைக்குக்குச் சரி, இன்னொரு முனை கிட்டார் சொருகுகிற மாதிரி ஒற்றைக் குச்சி. அந்த முனை பெட்டியில் நன்றாகவே உட்கார்ந்தது. அந்த வழியாக மின்சாரம் மட்டும் மைக்குக்குப் போகாது. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று நாள்.

அவள் பாதங்களின்மேலிருந்து இறங்கினாள். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "நான் அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வரேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பாத்த மாதிரி இருக்கும்" என்றாள்.

"போய்ட்டு வா. நான் ஒயர மாத்திட்டு வந்துடறேன். சாயங்காலம் பாடிடலாம்."

ஒயர்க் கடையில் சரியான ஒயர் கையிருப்பில் இல்லை. வரவழைத்து வீட்டுக்கே அனுப்புகிறோம், இரண்டு நாள் என்றார்கள். இரண்டு நாள் என்றால் எந்தக் கடைக்காரனுக்கும் மூன்று நாள். முப்பத்தொரு வருஷம் இதைத்தான் பார்த்தவர், அன்றைக்கு மட்டும் நம்பினார். வேறு கடையில் அந்த ஒயர் நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கடையின் விலைப்புள்ளி அவரிடம் இல்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"சார், பார்சல். வீட்டு வாசல்ல நிக்கறேன். கதவு பூட்டியிருக்கு. ஏதோ ஒயர்னு போட்டிருக்கு."

"பக்கத்து வீட்ல கொடுத்துடுங்க" என்றார்.

"சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க. கேக்கல."

அவரால் சத்தமாகப் பேச முடியவில்லை. எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு விலைப்புள்ளி வாங்கியதும் அவர்தான்.

கட்டி நல்ல கட்டி. உயிருக்கு ஒன்றும் இல்லை. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல்தான் போயிற்று. பேச்சு வந்தது, ஆனால் சளி பிடித்தவள் போர்வைக்குள் இருந்து பேசுவது மாதிரி வந்தது. நரம்பு அடிபட்டிருக்கிறது, அறுபடவில்லை என்றார் சர்ஜன். ஆறு மாதத்தில் பேச்சு சரியாகிவிடலாம். "மேல போறது மட்டும் சந்தேகம்தான்" என்று அவர் அவளிடம் சொல்லாமல் இவரிடம் சொன்னார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். குரல் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். காலையிலும் சாயங்காலமும் 'ஈ' என்று நீளமாக இழுக்க வேண்டும், கீழிருந்து மேலே மெதுவாக ஏற்ற வேண்டும், எங்கே உடைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

கொட்டேஷன் மனுஷனாக இல்லை. சாமான் அறைக்குள் போய் அந்த ஒயரை மாட்டினார். இப்போது எல்லாம் வேலை செய்தது. வேறு யாரும் இல்லாததால் அவரே மைக் முன்னால் நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் போட்டுக் கேட்டார். அவ்வளவு துல்லியம். தன் வாய்க்குள் நாக்கு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. பின்னால் ஒரு இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை. அவர் போட்ட மதிப்பெண் எல்லாம் சரிதான். அதை நினைத்து அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உலகத்தில் இனி எங்கேயும் அந்தக் குரல் இல்லை, இல்லாமல் செய்தது தான்தான் என்று அவர் நம்பினார். மூன்று வாரம் அந்த நினைப்போடுதான் சாப்பிட்டார், தூங்கினார், அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

நான்காவது வாரம் ஒரு மதியம், மனைவியின் அக்கா போன் செய்தாள். தங்கை அதிகம் பேசக் கூடாது என்பதால் இவருடைய போனுக்குத்தான் செய்வாள்.

"எப்படி இருக்கா மாப்பிள்ளை?"

"பரவாயில்ல. குரல்தான் இன்னும் அப்படியே இருக்கு."

"வந்துடும், கவலப்படாதீங்க. இப்பக்கூட அவ பாடினதத்தான் கேட்டுட்டிருந்தேன். தினம் ஒரு தடவ கேட்டுடறேன். அந்த மூணாவது பாட்டுல மேல போய் நிக்கறா பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுது."

இவர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மாப்பிள்ளை?" என்றாள் அக்கா. பிறகு ஏதோ உறைத்தவளாக, "சரி, அடுப்புல வெச்சுட்டு வந்தேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கால் தரையில் பாவாமல் உள்ளே போனார். அவள் கட்டில்மேல் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வீட்ல பாடினியாமே."

அவள் கை நிற்கவில்லை. "ஆமா."

"எத்தனை?"

"நாலு."

"எதுல பாடின?"

"அக்கா மருமக ஆன்லைன்ல கணக்கு சொல்லிக்கொடுக்கறால்ல, அவளோட மைக். கம்ப்யூட்டர்ல சொருகினா. ஜன்னல சாத்தினா. பாடுங்கன்னா. பாடிட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

"நீங்க ஒயர் மாத்தப் போயிருந்தீங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது. கோபம்கூட வரவில்லை. "சரி, இருக்குல்ல, அது போதும். அக்காவ அனுப்பச் சொல்றேன். கேக்கணும்" என்று போனை எடுத்தார்.

"வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"உங்களுக்கு அனுப்பக் கூடாதுன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். இன்னைக்கு வாய் தவறிடுச்சு போல."

அவருக்குப் புரியவில்லை. அவள் மடித்த துணியைப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அந்தக் கம்மிய குரலில், அவசரப்படாமல், வகுப்பில் பாடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"நீங்க கேட்டா முதல்ல ஃபேன் சத்தம் வருதும்பீங்க. ரெண்டாவது பாட்டு நடுவுல ஒரு நாய் குரைச்சிருக்கு. அதச் சொல்வீங்க. நீங்க சொல்லிட்டா அப்புறம் நான் எப்போ கேட்டாலும் எனக்கு நாய்தான் கேக்கும். இனிமே எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதக் கெடுத்துக்க என்னால முடியாது."

"சொல்ல மாட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வேணும்னு சொல்ல மாட்டீங்க. ஆனா சொல்லாம இருக்க உங்களால ஆகாதுங்க" என்றாள்.

ஏதாவது கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. "என்ன பாட்டெல்லாம் பாடின?" என்றார். கேட்கும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. பத்து வாரம், ஒரு கோப்பு, அதில் அறுபது பக்கம். அவள் எதைப் பாட ஆசைப்படுகிறாள் என்று அவர் அதுவரை கேட்கவே இல்லை.

"இப்பக் கேக்கறீங்க" என்றாள் அவள். பட்டியலைச் சொல்லவில்லை. துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பயிற்சி பண்ற நேரம் ஆச்சு" என்று சொல்லிக் கதவருகே போய் நின்றாள். அவர் எழுந்து வெளியே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் அங்கேயே, கதவுக்கு வெளியே நின்றார். பாட்டு இல்லாவிட்டால் போகிறது, அந்த 'ஈ'யையாவது கேட்போம் என்று நின்றார். உள்ளே சத்தமே இல்லை. தண்ணீர் குடிக்கிறாளோ என்று நினைத்தார். மறந்துவிட்டாளோ என்று நினைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஆனபோதுதான், கதவுக்கு அடியில் தன் நிழல் உள்ளே தெரியும் என்பது அவருக்குப் புரிந்தது.

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். மாடிப்படி இறங்குவது அவளுக்குக் கேட்கட்டும் என்று அழுத்தி இறங்கினார். அவர் தெருவுக்கு வந்து, எதிர்ப்பக்க நடைபாதை வரை போன பிறகு, மேலே ஜன்னலில் அவள் ஆரம்பித்தாள்.